கடலெண்ணெய்க் கை

ஆகஸ்ட் 18

தையல் நூல் கடையில் ஜனவரியில் கொடுத்த டைரி. ஆகஸ்டில்தான் பிரிக்க நேரம் கிடைத்தது. முன்பக்கங்களில் ரவிக்கை அளவுகளை எழுதிக்கொள்ளலாம். இனி வரும் பக்கங்கள் வேனிக்கு.

வேனி என்றால் இளவேனில். என் மகள், ஏழு மாதம் ஆகிறது. கன்னம் இரண்டும் சிவந்தே இருக்கும். ஆப்பிள் மாதிரி இருக்கிறாள் என்று தெருவே கொஞ்சுகிறது. அது தலையணையில் தேய்த்துத் தேய்த்துச் சிவந்த கன்னம் என்று எனக்கல்லவா தெரியும்! முழங்கை மடிப்பு, கால் மடிப்பு, கழுத்து எல்லாம் வறண்டு செதில் செதிலாக இருக்கிறது. சில இடங்களில் வெடித்து நீர் கசிகிறது.

இன்று ஞாயிறு, எண்ணெய்க் குளியல். இவர் ஆலையிலிருந்து தூக்குப்போசியில் எண்ணெயோடு வந்தார். இவர் என்றால் சிகாமணி. காங்கேயத்துக்கு வெளியே நான்கு மரச்செக்கு ஓட்டுகிறார். தேங்காயும் எள்ளும் ஆட்டினாலும் முக்கால்வாசி நிலக்கடலைதான். கடைக்குப் போகும் எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளியவிடுவார்கள். மகளுக்கு மட்டும் செக்கிலிருந்து அப்படியே, கலங்கலாக.

"தெளிஞ்சா சத்தெல்லாம் அடியில போயிருமுங்க. என்ற புள்ளைக்குக் கலங்கலாவேதான் வேணும்" என்று பக்கத்து வீட்டு ருக்குமணியக்காவிடம் பெருமை வேறு.

காலை நீட்டி வேனியைக் குப்புறப் போட்டுக்கொண்டு, முதுகிலிருந்து குதிகால் வரை தேய்த்தார். மூட்டை தூக்குகிற கை அவளிடம் மட்டும் எப்படித்தான் அப்படி மெதுவாகிறதோ. பிறகு என் முறை. எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும் என்றால் பயத்தமாவு போட்டு, நல்ல சூட்டில் வெந்நீர் ஊற்றி, பீர்க்கங்கூட்டு நாரால் தேய்த்தால்தான் ஆகும். வீல் என்று கத்துவாள். கத்தினால் கத்தட்டும், அழுக்கு போக வேண்டுமே. நல்ல பேரெல்லாம் அப்பனுக்கு, கெட்ட பேரெல்லாம் எனக்கு.

ஆகஸ்ட் 25

குளித்த பிறகு முதுகில் திட்டுத் திட்டாகத் தடித்தது. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. ருக்குமணியக்கா வந்து பார்த்துவிட்டு, "சூடு அம்மிணி. எண்ணெய் பத்தல" என்றார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இவரிடம், "வாரத்துக்கு ஒரு நாள் பத்தாதுங்க. தெனமும் தேய்ச்சுவிடுங்க" என்றேன். எதற்கெடுத்தாலும் ஆலை வேலை, ஆலை வேலை என்கிறவர், இதற்கு மட்டும் மறுபேச்சுப் பேசவில்லை.

செப்டம்பர் 3

தினமும் எண்ணெய், தினமும் மாவு. சொறிவது குறையவில்லை. நகம் வெட்டினேன்.

செப்டம்பர் 9

ஆலையில் வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டே வந்து குழந்தையைக் கொஞ்சினார். கன்னத்தில் முத்தம் கொடுத்த இடத்தில் சிவப்பாக ஒரு வட்டம் எழும்பிவிட்டது.

"மீசை குத்துதுங்க. பச்சை ஒடம்பு, பாத்துக் கொஞ்சக் கூடாதா?" என்று கத்திவிட்டேன்.

சாயங்காலம் மீசை இல்லாமல் வந்து நின்றார். கல்யாணத்துக்கு முன்பிருந்து வளர்த்த மீசை. எனக்கு அடையாளமே தெரியவில்லை. வேனி ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு அழுதாள். "உனக்காகத்தானடா எடுத்தேன், நீயே அழுதா எப்படி?" என்று அவளிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

செப்டம்பர் 21

தீபாவளி ரவிக்கைகள் வரத் தொடங்கிவிட்டன. எல்லோருக்கும் முதுகுப் பக்கம் ஜன்னல் வெட்ட வேண்டும், ஜன்னலுக்கு ஒரு குஞ்சம். வேனியின் தொட்டிலைத் தையல் மிஷினுக்குப் பக்கத்திலேயே கட்டியிருக்கிறேன். மிஷின் சத்தம் நின்றால் விழித்துக்கொள்கிறாள்.

அக்டோபர் 4

நேற்று முன்தினம் நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

காலையில் இட்லிக்குக் கடலக்காய்ச் சட்னி அரைத்திருந்தேன். காரம் போடுவதற்கு முன் கொஞ்சம் எடுத்து வைத்து, இட்லியில் தொட்டு வேனிக்கு ஊட்டினேன். ஒன்பது மாதம் ஆகப் போகிறது, சட்னி பழக்கலாமே என்றுதான். அப்பன் ஆட்டுகிற கடலை, மகள் நாக்கில் படவேண்டாமா?

இரண்டாவது வாய் வாங்கவில்லை. உதடு வீங்கியது. கண் இமை வீங்கியது. உடம்பெல்லாம் தடித்துக்கொண்டு வந்தது. வாந்தி எடுத்தாள். அப்புறம் மூச்சு விடும்போது ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை எழுதத் தெரியவில்லை.

நல்லவேளை, இவர் ஆலையிலிருந்து புண்ணாக்கு ஏற்றிய குட்டி யானை வண்டியோடு வீட்டு வாசலில் நின்றிருந்தார். அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரி வாசலில் என் கையிலிருந்து பிடுங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். தொடையில் ஊசி போட்டார்கள். ஒரு நர்ஸ் இவர் சட்டையைப் பார்த்தாள்.

"என்னங்கண்ணா இது, சட்டையெல்லாம் கடலைத் தூளு? முதல்ல கொழந்தையை அம்மாகிட்டக் குடுங்க. நீங்க வெளிய நில்லுங்க."

கொடுத்துவிட்டு வெளியே போனார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறும் உடம்போடு நின்றதைப் பார்த்தேன். வேனியின் மூச்சு மெல்ல மெல்ல நேரானது. என் உயிர் திரும்பி வந்தது. இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். ஈரோட்டில் குழந்தைகளுக்கான தோல் டாக்டர் ஒருவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அக்டோபர் 7

ஈரோடு போய் வந்தோம். டாக்டர் பெயர் மெஹருன்னிசா. என் வயதுதான் இருக்கும். வேனியின் முதுகில் சொட்டுச் சொட்டாக எதையோ வைத்து, மெல்லக் கீறிப் பார்த்தார். கடலை வைத்த இடம் மட்டும் கொசு கடித்ததுபோல் வீங்கியது. தேங்காய்க்கும் எள்ளுக்கும் ஒன்றும் இல்லை. இவர் கீழே மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரத்தில், "ஒடம்புக்கு என்ன எண்ணெய் தேய்ப்பீங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். எங்கள் செக்கு, கலங்கல் எண்ணெய், தினமும் என்று பெருமையாகவே சொன்னேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"தோல்ங்கறது செங்கல் அடுக்கி, நடுவுல பூச்சு வெச்ச சுவர் மாதிரிம்மா. உங்க பாப்பாவுக்குப் பிறவியிலேயே அந்தப் பூச்சு கம்மி. அதனால உள்ள இருக்கற ஈரம் வெளிய போயிடுது. வெளிய இருக்கறது உள்ள வந்துடுது. கடைல விக்கற சுத்திகரிச்ச எண்ணெயில கடலையோட புரதம் அவ்வளவா இருக்காது. செக்கு எண்ணெயில, அதுவும் கலங்கல்ல, நெறைய இருக்கும். வாய் வழியாப் போயிருந்தா ஒடம்பு அதச் சாப்பாடுன்னு தெரிஞ்சிருக்கும். வெடிச்ச தோல் வழியா போனதால எதிரின்னு நெனச்சு, ஆயுதம் செஞ்சு வெச்சிருக்கு. சட்னியைக் கண்டதும் எடுத்துடுச்சு."

அதற்குப் பிறகும் டாக்டர் நிறையச் சொன்னார். களிம்பு, தண்ணீர், பருத்தித் துணி, இன்னும் என்னென்னவோ. என் காதில் ஒன்றும் ஏறவில்லை. அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. இவரிடம் இதை எப்படிச் சொல்வேன்? அந்தக் கையால்தானே தேய்த்தார். மகளுக்கென்று எடுத்துவந்த எண்ணெய்தானே. தெரிந்தால் இந்த மனுஷன் உடைந்து போவார். அப்புறம் குழந்தையைத் தொடவே மாட்டார்.

வெளியே வந்ததும் இவர், "சீட்டுல ஒரு மருந்து பேரு புரியல, கேட்டுட்டு வந்தர்றேன்" என்று மறுபடி உள்ளே போனார். வர நேரமாயிற்று. பஸ்ஸில் வரும்போது, மிகச் சாதாரணமாகச் சொன்னேன்.

"கடலை ஆகாதாமுங்க. தூசிகூட ஆகாது. ஆலையிலிருந்து வந்தா குளிச்சுட்டுத் தூக்குங்க. எண்ணெயும் கொஞ்ச நாளைக்கு வேண்டாமாம்."

"செரி" என்றார்.

ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாடா என்றிருந்தது.

அக்டோபர் 10

ஆலையில் ஒரு முறை குளிக்கிறார். வீட்டுக்கு வந்து புறக்கடையில் மறுபடி ஒரு முறை. ஆலைச் சட்டை வேட்டி ஆலையிலேயே கிடக்கிறது. வீட்டில் கடலை வாசமே இல்லை.

எல்லாம் சரி. குளித்த பிறகும் ஏன் தூக்க மாட்டேன் என்கிறார்?

அக்டோபர் 12

எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அளவில்லை. பயத்தமாவு டப்பாவைக் காணோம். கேட்டால், "வண்டு வெச்சிருந்துது. மாட்டுக்குப் போட்டுட்டேன்" என்கிறார். போன வாரம்தான் காயவைத்துச் சலித்து வைத்தேன். அதற்குள் வண்டு எங்கிருந்து வரும்? "நான் வாங்கியாறேன், நீ அலையாத" என்றார். இன்னும் வாங்கி வந்தபாடில்லை. டாக்டர் கொடுத்த களிம்பையே தடவிக் குளிக்க வைக்கிறேன், வேறு வழி?

அக்டோபர் 14

இப்போது ஹீட்டர் வேலை செய்யவில்லை. ஆலையில் நான்கு மோட்டாரைத் தானே கழற்றி மாட்டுகிறவருக்கு, வீட்டு ஹீட்டரைப் பார்க்க நேரமில்லையாம். அடுப்பில் வைத்தால் போதுமான அளவு சுடுவதற்குள் ரவிக்கைக்கு வந்தவர்கள் கூப்பிடுகிறார்கள். குழந்தைக்கு வெதுவெதுப்பான தண்ணீர்தான்.

அக்டோபர் 16

பீர்க்கங்கூட்டையும் காணோம். எலி இழுத்துப் போயிருக்கும் என்கிறார். நல்ல எலி!

ஒன்று சொல்ல வேண்டும். வேனியின் கழுத்து மடிப்பு ஆறிக்கொண்டு வருகிறது. களிம்பு நல்ல களிம்பு. மருந்தையும் மெலிதாகத்தான் பூச வேண்டுமாம். நல்ல தோலைவிட வெடித்த தோலில் மருந்து அதிகமாக உள்ளே இறங்கிவிடும் என்று இவர்தான் சொன்னார். மருந்துக் கடைக்காரர் சொன்னாராம்.

அக்டோபர் 19

இன்று நடந்ததை நினைத்தால் இன்னும் நெஞ்சு எரிகிறது.

இரண்டு முறை குளித்து, துவைத்த வேட்டியோடு இவர் கூடத்தில் வந்து நின்றார். வேனி பார்த்துவிட்டாள். "ப்பா, ப்பா" என்று தவழ்ந்து போனாள். இப்போதுதான் அந்தச் சொல் வாயில் வருகிறது. இவர் ஒரு அடி பின்னால் போனார். அவள் இன்னும் கிட்டே போனாள். இவர் இன்னும் பின்னால் போய், முதுகு சுவரில் முட்டியதும், கட்டிலின் மேலே காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாம்பைக் கண்டவர்போல. அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்து அழுதாள்.

"என்னங்க இது? பெத்த புள்ளையக் கண்டு ஏறி உக்காந்துக்குவாங்களா?"

"நீ எடுத்துக்க பூரணி. நீ எடுத்துக்க."

அவ்வளவுதான் பேச்சு. நானும் அதற்கப்புறம் பேசவில்லை. குளித்துவிட்டுத் தொடுங்கள் என்று நான் சொன்னதில் ரோஷமா? இல்லை, நோய்க்காரக் குழந்தை என்று மனது விட்டுப்போயிற்றா? பாதிக் காரணத்தை மறைத்தபோதே இப்படி என்றால், முழுக் காரணம் தெரிந்தால் என்ன ஆகும்? என் மகளுக்கு அப்பன் இருந்தும் இல்லாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

அக்டோபர் 23

பதினோரு ரவிக்கை முடித்தேன். பேச்சு இன்னும் சரியில்லை. வேனி வாசல் கேட் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கிறாள், ஆனால் தவழ்ந்து போவதில்லை. அவளுக்கும் புரிந்துவிட்டது போலிருக்கிறது.

அக்டோபர் 28

மறுபடி ஈரோடு. நான் இன்று எழுதுவதில் பாதி அழிந்து அழிந்துதான் இருக்கும்.

டாக்டர் வேனியின் கை மடிப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். பிறகு என்னைப் பார்த்து, "மாவு, நார், வெந்நீர் எல்லாம் உடனே நிறுத்தினீங்க பாருங்க, அதான் இவ்வளவு சீக்கிரம் ஆறியிருக்கு. பல வீட்ல சொன்னாலும் கேக்க மாட்டாங்க" என்றார்.

"எதுங்க டாக்டர்?" என்றேன்.

"அன்னிக்கே சொன்னேனேம்மா. நீங்க அதிர்ச்சில கேட்ட மாதிரியே இல்ல. அதனாலதான் அப்பா திரும்ப வந்தப்போ அவர்கிட்ட எல்லாத்தையும் மறுபடி சொன்னேன். மெலிசான தோலு. அதுல மாவும் நாரும் போட்டு, சுடுதண்ணி ஊத்தித் தேய்ச்சா இருக்கற பூச்சும் போயிடும். அந்த வெடிப்பு வழியாத்தானே எண்ணெய் உள்ள எறங்கினது. யார் மேலயும் தப்பில்லம்மா, இது பிறவித் தோலு."

நான் இவரைப் பார்த்தேன். இவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் நான், மடியில் வேனி. இவர் ஒரு ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார். பெருந்துறை தாண்டியதும் கேட்டேன்.

"எண்ணெய் சமாச்சாரம் உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே. மருந்துப் பேரு கேக்கப் போனனல்ல."

"நான் மறைச்சது?"

"அதுவும் தெரியும். நீ பஸ்ஸுல மொகத்த அப்படிச் சாதாரணமா வெச்சுட்டு, தூசின்னு சொன்னியா... பாவம், இவ்வளவு கஷ்டப்பட்டு மறைக்கறாளேன்னு நானும் செரின்னுட்டேன்."

"மாவுல வண்டு?"

"வண்டெல்லாம் இல்ல."

"ஹீட்டரு?"

"ப்யூஸப் புடுங்கி ஆலையில வெச்சிருக்கறேன்."

"எலி?"

பஸ் டிக்கெட்டை மடித்து மடித்துப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியதுதான் தெரியும், அழுகையாகிவிட்டது. முன் சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார். நான் தேய்த்தேன். அவள் கத்தக் கத்தத் தேய்த்தேன். கதவைத் திறந்து வைத்தது என் கை.

"ஏனுங்க சொல்லல? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்ல?"

"எதுக்கு? எண்ணெய நான் தேய்ச்சதுன்னு தெரிஞ்சு நான் படறது பத்தாதா? உனக்கும் எதுக்கு அது?"

இந்த மனுஷனைப் போய் ரோஷக்காரர் என்று எழுதிவைத்தேன். இத்தனை நாளும் ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரே மூட்டையைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம்.

"செரி, அதான் குளிக்கறீங்கல்ல. அப்புறம் ஏன் தொட மாட்டீங்கறீங்க?"

கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். தேய்த்துத் தேய்த்துக் கழுவி, விரல் கணுவெல்லாம் வெளுத்து வெடித்திருந்தது. இதை நான் கவனிக்கவே இல்லை.

"எத்தன வாட்டி கழுவுனாலும் வாசம் போக மாட்டீங்குது பூரணி. என்ற கைய என்னத்தப் பண்ண?"

அந்தக் கையை இழுத்து முகர்ந்தேன். சோப்பு வாசம்தான் அடித்தது. சொன்னேன். "எனக்கு வருது" என்றார்.

அக்டோபர் 31

தீபாவளி. தெருவில் எல்லா வீட்டிலும் விடியுமுன்பே எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் அது இல்லை. களிம்புக் குளியல்தான்.

இவர் குளித்துவிட்டு வந்து வாசற்படிக்கு அருகில் நின்றார். ஆலைக்கு இன்று விடுமுறை. கடலை ஆட்டும் செக்குகளைத் தனிக் கொட்டகைக்கு மாற்றிவிட்டு, அங்கே ஆட்களை வைத்துக்கொள்ளப் போகிறாராம். தான் தேங்காய்க்கும் எள்ளுக்கும் மட்டும் நிற்கப் போகிறாராம். அது நடக்கிறபோது நடக்கட்டும். அதுவரை என் மகள் காத்திருக்க மாட்டாள்.

நான் பாயை விரித்து உட்காரச் சொன்னேன். முதலில் இவர் கையை என் மடியில் இழுத்து வைத்து, வெடித்த கணுக்களில் வேனியின் களிம்பைப் பூசினேன். கூச்சப்பட்டார். "எனக்கெதுக்கு?" என்றார். "வெடிச்ச தோலு யாருக்கு இருந்தாலும் வெடிச்ச தோலுதான்" என்றேன். பிறகு வேனியைத் தூக்கி இவர் கால்மேல் குப்புறப் போட்டேன். உள்ளங்கையில் களிம்பை அப்பினேன்.

"நீயே போடு பூரணி. எதாச்சும் ஆச்சுன்னா..."

"ஆச்சுன்னா ஆஸ்பத்திரி இருக்குது, மருந்து கையில இருக்குது. டாக்டரு நல்லாக் கழுவுன கை ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லியாச்சு. நீங்கதான் நம்பல. போடுங்க."

சொல்லிவிட்டு அங்கே நிற்காமல் சமையலறைக்குள் போய்விட்டேன். நின்றால் என்னைப் பார்ப்பார். என்னைப் பார்த்தால் குழந்தையைத் திருப்பித் தந்துவிடுவார். வடைக்கு ஊறிய பருப்பை வீணாகப் பத்துத் தடவை கழுவினேன். அப்புறம் இவர் குரல் கேட்டது, மிக மெதுவாக.

"சாமி... அப்பன் தேய்க்கட்டுமா? வலிச்சா சொல்லிப் போடோணும், செரியா?"

நவம்பர் 1

இரவு முழுக்க இவர் தூங்கவில்லை. நான் தூங்கினேன் என்று சொன்னால் அதுவும் பொய்.

வெளிச்சம் வந்ததும் ஜன்னலைத் திறந்து, தூங்குகிற வேனியின் சட்டையை மெல்ல மேலே தூக்கினோம். இவர் கை பட்ட இடத்தையெல்லாம் தேடினோம். தோள்பட்டையில், இடுப்பில், முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும். ஒரு சிவப்பு, ஒரு தடிப்பு, ஒரு புள்ளி இருந்துவிடக் கூடாதே என்று நான் பார்த்தேன். இருக்கும் என்றே இவர் பார்த்தார். குனிந்து, கண்ணைச் சுருக்கி, மறுபடி மறுபடி பார்த்தார்.

அங்கே தோல் மட்டும்தான் இருந்தது.